குழாய் பிடிப்பவர்

சாம்பல் பொழியும் ஊரில் பிறந்தவள் நான்.
எரிமலை தும்மினால் கொடியில் காயும் துணியை
ஓடிப்போய் எடுக்க வேண்டும்,
காகோஷிமாவில் வானத்தோடு எங்களுக்கு இருந்த தகராறு அவ்வளவுதான்.
ஒபிஹிரோவுக்கு வந்தது பால் லாரி ஓட்ட.
முதல் ஜனவரியில் மகனின் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு:
பெற்றோர் இரவு ஒன்பது மணிக்கு வரவும்,
மைதானத்துக்குத் தண்ணீர் விட வேண்டும்.

பூச்செடிக்கு என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மைனஸ் இருபத்தொன்று.
பாயும் நீர் தரையைத் தொட்டதும்
ஒரு கணம் யோசித்துவிட்டு இறுகுகிறது.
ஒரு படலம். காத்திருத்தல். அதன் மேல் இன்னொன்று.
குழாயின் முனையைப் பிடிப்பவர் எப்போதும் தொகாஷி,
தபால்காரர், கையுறைக்கு மேல் கையுறை.
நாங்கள் பின்னால் குழாயின் உடலைத் தாங்கி நடப்போம்,
கர்ப்பிணி மலைப்பாம்பை
ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது போல.

காலையில் என் மகன் அதன் மேல் பறந்தான்.
வேலியோரம் நின்று கையசைத்தேன்.
வேலியோரம் நிற்கவும் காரணங்கள் வைத்திருந்தேன்:
முழங்கால், லாரி, வயது.

மூன்றாம் குளிர்காலத்தில் ஓரியே கேட்டாள்,
பல் மருத்துவமனையில் ரசீது எழுதுபவள்,
"இவ்வளவு தண்ணீர் விட்டோமே, ஒருநாள் நாமும்?"
எனக்குத் தெரியாது என்றேன்.
தனக்கும்தான் என்றாள், அவள் ஊரில் வாளித் தண்ணீர்கூட உறையாதாம்.
இருவரும் தொகாஷியைப் பார்த்தோம். ஊர்க்காரர் ஆயிற்றே.
அவர் குழாயைச் சுருட்டினார்.
சுருட்டியதை அவிழ்த்து மறுபடி சுருட்டினார்.
"இங்கேயே பிறந்து ஐம்பத்திரண்டு வருஷம்.
எனக்கும் தெரியாது."

குழாய் பிடிப்பவனை
யாரும் பனியில் இறங்கச் சொல்வதில்லை.

பள்ளி மைதானம் என்றால் பிள்ளைகள் பார்ப்பார்கள்.
ஆகவே பெரிய உள்ளரங்கம், திங்கள் இரவு, வாடகைக் காலணி,
அடியில் முழங்கை நீளக் கத்தி.
யானைக்கும் அடி சறுக்கும்தான்,
ஆனால் எந்த யானையும் காசு கொடுத்துச் சறுக்கப் போவதில்லை.
அன்றைக்குப் பதினோரு முறை விழுந்தேன்.
எண்ணியவர் தொகாஷி. அவருடைய பதினான்கை நான் எண்ணினேன்.
ஓரியே விழவே இல்லை. நகரவும் இல்லை.
தூக்கிவிட வந்தவர் மேல் தூக்கப்பட்டவர் சரிந்து,
இருவர் மேல் மூன்றாமவர்,
அந்தக் குவியலில் எங்கோ
எங்கள் மரியாதைச் சொற்கள் நழுவிப்போயின.
திரும்ப யாரும் தேடவில்லை.

இந்த ஓட்டத்தில் திருப்பம் எல்லாம் இடப்பக்கம்தான்.
வலது காலைத் தூக்கி இடது காலைக் கடத்தி வை,
உள்பக்கமாகச் சாய், அங்கே பிடிக்க எதுவும் இல்லை.
சாய்ந்தால் விழுவாய் என்று
நாற்பத்தேழு வருடம் சொல்லி வளர்த்த உடம்பிடம்
சாயாவிட்டால்தான் விழுவாய் என்று எப்படிச் சொல்வது?
பிப்ரவரி பாதி வரைக்கும் அது நம்பவில்லை.
பிறகு ஒரு திங்கள், ஏன் என்று தெரியாமல், நம்பியது.

நானூறு மீட்டர், ஒரு நிமிடம் ஐம்பத்தெட்டு.
அதற்குள் எட்டு வயதுக்காரி ஒருத்தி
தும்பி போல இரண்டு முறை என்னைக் கடந்தாள்.
தொகாஷிக்கு இரண்டு நிமிடம் ஆறு.
கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

வெளியே இயந்திரத்தில் சூடான சோள சூப், டப்பாவில்.
கடைசி நாலு மணிகள் அடியில் ஒட்டிக்கொண்டு வராது.
வாகன நிறுத்தத்தில் மூன்று பேர்
அண்ணாந்து டப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருப்போம்.
தூரத்திலிருந்து பார்ப்பவர்
நட்சத்திரம் பார்க்கிறார்கள் என்று நினைக்கலாம்.

மார்ச்சில் மைதானம் ஒரே வாரத்தில் குட்டையானது.
உள்ளரங்கத்தையும் பூட்டினார்கள்.
ஏப்ரலில் ஒரு ஞாயிறு, வாசலில் தொகாஷி,
தோளில் சுருட்டிய குழாய்.
"லாரியைக் கழுவலாமா?"
லாரி கம்பெனியில் நிற்கும். அது அவனுக்கும் தெரியும்.

"வா," என்றேன், "ஓரியே எப்போதோ வந்துவிட்டாள்."